குழாய்க்குள் ஃபிளாஷ் கணக்கு: செல்லுக்குச் செல் போடணுமா, அட்டவணை போதுமா?

செக்காலை_நிரலர்

எல்லாருக்கும் வணக்கம். எம்.டெக் ப்ராஜெக்டுக்காக ஒரு பரிமாணக் குழாய் சிமுலேஷன் எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே இருப்பது எல்பிஜி. மோல் கணக்கில் புரொப்பேன் பாதி, பியூட்டேன் பாதி. ஒரு முனையில் வால்வு சட்டென்று திறக்கிறது, அழுத்தம் இறங்க இறங்கத் திரவம் கொதித்து வாயுவாகிறது, இரண்டும் கலந்து ஓடுகின்றன. குழாயைச் செல்களாக வெட்டி, ஒவ்வொரு நேரப்படியிலும் ஒவ்வொரு செல்லுக்கும் பெங்–ராபின்சன் சமன்பாட்டை (அழுத்தம், வெப்பநிலை, கன அளவு மூன்றையும் இணைப்பது) வைத்து ஃபிளாஷ் போடுகிறேன், அதாவது சமநிலையில் எவ்வளவு வாயு, எவ்வளவு திரவம், எதில் எது எவ்வளவு என்று பிரிக்கிற கணக்கு.

தொல்லை இரண்டு. முதலாவது வேகம். ஓட்டம் பற்றிய சமன்பாடுகள் நொடியில் முடிகின்றன, ஃபிளாஷ்தான் நேரத்தை எல்லாம் தின்கிறது. இரண்டாவது, எந்தச் செல்லில் முதல் குமிழி தோன்றுகிறதோ அந்தச் செல்லில் அழுத்தம் மேலும் கீழும் குதிக்கிறது. நேரப்படியைச் சின்னதாக்கினாலும் நிற்கவில்லை.

ஹாஸ்டல் நண்பன், "முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு அதிலிருந்து எடு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறான். சரிதானா?

கானாடுகாத்தான்_கடல்தாண்டி

தம்பி, உங்கள் நண்பர் சொல்வது தப்பில்லை. நான் மஸ்கட்டில் பைப்லைன் வேலைதான் பார்க்கிறேன். நார்வேயில் பிறந்த ஓல்கா மாதிரியான குழாய் ஓட்ட மென்பொருள்கள் வெகுகாலம் அட்டவணையை வைத்தே ஓடின, இன்றும் பெரும்பாலான வேலைக்கு அதுதான். அழுத்தம் ஒரு பக்கம், வெப்பநிலை ஒரு பக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் வாயு எவ்வளவு, திரவம் எவ்வளவு, அடர்த்தி, பாகுநிலை, என்தால்பி (வெப்ப உள்ளடக்கம்) எல்லாம் தயாராக இருக்கும். ஓடும்போது இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள மதிப்பைக் கணிப்பது மட்டும்தான். எண்ணெய்க் கிணற்றிலிருந்து கரைக்கு வரும் நீளமான லைன், உள்ளே போகும் கலவை மாறாது, எல்லாம் மெதுவாக நடக்கிறது என்றால் அட்டவணை தாராளமாகப் போதும். ப்ராஜெக்டை முதலில் முடியுங்கள், அப்புறம் அழகு பார்க்கலாம்.

பள்ளத்தூர்_ஆச்சி

கடல்தாண்டி அண்ணன் சொன்னதில் "கலவை மாறாது" என்ற நிபந்தனைதான் உயிர். இந்தத் தம்பியின் குழாயில் கலவை மாறும். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

35 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். வில்சனின் தோராயச் சூத்திரத்தில் போட்டால் அந்த வெப்பநிலையில் புரொப்பேனின் ஆவியழுத்தம் சுமார் 12.3 பார், பியூட்டேனுக்கு 3.3 பார். பாதிக்குப் பாதி கலவை என்பதால் குமிழ்ப் புள்ளி (அழுத்தம் இறங்கும்போது முதல் குமிழி தோன்றும் இடம்) 7.8 பார், பனிப்புள்ளி (கடைசித் துளியும் ஆவியாகும் இடம்) 5.2 பார். நடுவில் 6.5 பாரில் நில்லுங்கள். கே-மதிப்பு, அதாவது வாயுவில் உள்ள பின்னத்தைத் திரவத்தில் உள்ள பின்னத்தால் வகுத்தால் வருவது, புரொப்பேனுக்கு 1.89, பியூட்டேனுக்கு 0.50. இதை 1952-இல் ராக்ஃபோர்டும் ரைஸும் கொடுத்த சமன்பாட்டில் போட்டால் மொத்த மோல்களில் 44 சதவீதம் வாயு, மீதி திரவம். வாயுவில் புரொப்பேன் 68 சதவீதம். திரவத்தில் 36 சதவீதம்தான்.

இப்போது ஓட்டத்துக்கு வாருங்கள். மோலில் 44 சதவீதமாக இருக்கிற வாயு, கன அளவில் சுமார் 97 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. திரவம் அடியில் மெல்லிய படலம். வாயு முன்னால் ஓடும், திரவம் பின்தங்கும். முன்னால் ஓடுவதில் புரொப்பேன் கூடுதல், பின்தங்குவதில் பியூட்டேன் கூடுதல். கொஞ்ச நேரத்தில் எந்தச் செல்லிலும் உங்கள் 50–50 கலவை இருக்காது. அட்டவணையோ 50–50 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வாயு மேலே பிரிந்து வெளியேறி, வெப்பநிலையும் இறங்கி, கடைசியில் பியூட்டேன் கூடிய குளிர்ந்த திரவம் குழாயில் தங்கிவிடும். அட்டவணைக்கு அந்த முடிவு தெரியவே தெரியாது.

கானாடுகாத்தான்_கடல்தாண்டி

ஒப்புக்கொள்கிறேன் ஆச்சி. எங்களிடமும் இரண்டு கிணறுகள் வந்து சேரும் இடத்திலும், லைனை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும்போதும் இதே தலைவலிதான். நிறுத்தியதும் திரவம் பள்ளத்துக்கு இறங்கும், வாயு மேட்டுக்குப் போகும். மறுநாள் திறக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கலவை. அதற்காகவே கலவையைச் செல்லுக்குச் செல் தொடர்கிற தொகுதியைத் தனியாகச் சேர்த்தார்கள். ஆனால் அதை ஓட்டினால் கணினி தவழும். ஆகவே தேவைப்படும்போது மட்டும்.

தேவகோட்டை_ரஸ்தா

எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. இத்தனை பாடும் "சமநிலை" என்ற ஒரு அனுமானத்துக்காக. வால்வைத் திறந்த அந்தக் கணத்தில் சமநிலை எங்கே இருக்கிறது? குமிழி உண்டாக நேரம் வேண்டும். அழுத்தம் குமிழ்ப் புள்ளிக்குக் கீழே போன பிறகும் திரவம் திரவமாகவே சற்று நேரம் நிற்கும். சின்ன நாசில் வழியாகச் சூடான நீரை வெளியேற்றிப் பார்த்த பழைய சோதனைகள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன: சமநிலையை அனுமானிக்கும் கணித மாதிரி சொல்வதைவிட நிஜத்தில் அதிகமாகத்தான் வெளியேறுகிறது. இல்லாத சமநிலைக்கு ஆறு தசமம் துல்லியம் எதற்கு?

கோட்டையூர்_செல்

ரஸ்தா அண்ணன் கட்சியில் நானும் சேர்கிறேன். எங்கள் பக்கம் மின்வேதியியல், நீரை மின்னாற்பகுப்பு செய்து ஹைட்ரஜன் எடுக்கிற வேலை. மின்முனைக்குப் பக்கத்தில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன், சமநிலை அனுமதிக்கிற அளவைவிடப் பல மடங்கு மிகைதெவிட்டி நிற்கும். குமிழி பிறக்கத் தோதான இடம் கிடைத்தால்தான் வெளியே வரும். அங்கே ஃபிளாஷ் கணக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பள்ளத்தூர்_ஆச்சி

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். ஆனால் அதிலிருந்து சமநிலைக் கணக்கு வேண்டாம் என்று வராது. தாமதத்தைச் சேர்க்கிற மாதிரிகள் எல்லாம், "சமநிலையை நோக்கி இன்ன வேகத்தில் போ" என்றுதான் எழுதப்படுகின்றன. போய்ச்சேர வேண்டிய இடம் எது என்று யார் சொல்வது? ஃபிளாஷ்தான்.

அப்புறம் நீளம். நாசில் சில சென்டிமீட்டர் என்றால் ரஸ்தா சொல்வது முழுக்கச் சரி. பாய்மம் உள்ளே இருக்கிற நேரம் குமிழி வளரப் போதாது. பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட குழாயில் சமநிலை மாதிரி நன்றாகவே பொருந்துகிறது என்பது அணு உலைப் பாதுகாப்பு ஆய்வுக் காலத்திலிருந்து புழங்கும் நடைமுறை விதி. தம்பியின் குழாய் எவ்வளவு நீளம்?

செக்காலை_நிரலர்

200 மீட்டர் ஆச்சி.

தேவகோட்டை_ரஸ்தா

அப்படியானால் வால்வு வாய் ஒன்றைத் தவிர மற்ற இடத்தில் என் ஆட்சேபம் செல்லாது. வாயில் மட்டும் தாமத மாதிரி வைத்துக்கொள்ளட்டும்.

புதுவயல்_பாய்லர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு பெங்கும் தெரியாது ராபின்சனும் தெரியாது. அரிசி ஆலையில் உமி பாய்லர் பார்க்கிறேன். ட்ரையருக்குப் போகிற ஸ்டீம் 7 கிலோ பிரஷர். ஸ்டீம் ட்ராப்புக்கு (ஸ்டீமை நிறுத்தித் தண்ணீரை மட்டும் வெளியே விடுகிற வால்வு) அப்புறம் வருகிற கண்டன்சேட் லைன், அதாவது ஸ்டீம் குளிர்ந்த தண்ணீர் போகிற குழாய், பாய்லர் தொட்டிக்குத் திரும்புகிறது. தண்ணீர்தானே என்று ஒரு அங்குலக் குழாய் போட்டிருக்கிறார்கள். லைன் டம்டம்மென்று அடிக்கிறது, ட்ரையரில் தண்ணீர் தங்குகிறது. நீங்கள் பேசுவது இதுவும்தானா?

பள்ளத்தூர்_ஆச்சி

இதுவேதான் அண்ணே! நல்ல நேரத்தில் வந்தீர்கள்.

ட்ராப்புக்கு முன்னால் உங்கள் தண்ணீர் சுமார் 170 டிகிரி. ட்ராப்பைத் தாண்டியதும் அழுத்தம் வெளிக்காற்று அளவுக்கு இறங்குகிறது. 170 டிகிரித் தண்ணீர் அங்கே தண்ணீராக இருக்க முடியாது. கிலோவுக்கு ஏறக்குறைய 720 கிலோஜூல் என்தால்பியோடு வருகிறது, 100 டிகிரித் தண்ணீருக்கு 419 போதும். மிச்சம் இருக்கிற 300 சொச்சம், ஆவியாக்க வேண்டிய 2257-க்கு 13 சதவீதம். அதாவது 100 கிலோ கண்டன்சேட்டில் 13 கிலோ மறுபடி ஸ்டீமாகிவிடும். அந்த 13 கிலோ ஸ்டீம் 22 கன மீட்டர் இடம் கேட்கும். மீதி 87 கிலோ தண்ணீர் 90 லிட்டரில் அடங்கும். நீங்கள் தண்ணீர் லைன் என்று போட்டது உண்மையில் ஸ்டீம் லைன்.

செக்காலைத் தம்பி இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கணக்கை நான் அழுத்தமும் என்தால்பியும் வைத்துப் போட்டேன். அழுத்தமும் வெப்பநிலையும் கொடுத்தால் இதைப் போடவே முடியாது. 1 வளிமண்டலம், 100 டிகிரி என்று சொன்னால் அது முழுத் தண்ணீரா, முழு ஸ்டீமா, பாதியா? எல்லாமே பொருந்தும். தனிப்பொருளுக்குத் திரவம், வாயு என்ற இரண்டு நிலைமைகளும் சேர்ந்திருக்கிற இடம் அழுத்த–வெப்பநிலைப் படத்தில் வெறும் கோடு. அட்டவணையின் கட்டங்கள் அந்தக் கோட்டின் இரு பக்கமும் விழும், கோட்டின் மேல் ஒருபோதும் விழாது.

கானாடுகாத்தான்_கடல்தாண்டி

கார்பன் டை ஆக்சைடு லைன்களில் இதுதான் பெரிய வில்லங்கம். கிட்டத்தட்டத் தனிப்பொருள். அங்கே அழுத்தம்–என்தால்பி அட்டவணைக்கு மாறிவிடுகிறார்கள். அதன் மாறுநிலைப் புள்ளி, அதாவது திரவம், வாயு என்ற வேறுபாடே மறையும் இடம், 31 டிகிரி, 73.8 பார். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தீயணைப்பு சிலிண்டருக்குள் திரவம் என்று ஒன்று தனியாக இருக்காது, அது மாறுநிலை தாண்டிய பாய்மம். குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோனால் மறுபடி திரவமும் வாயுவுமாகப் பிரியும்.

செக்காலை_நிரலர்

சரி, அழுத்தம் குதிப்பது பற்றி? நான் செய்வது இது: பழைய அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வைத்து ஃபிளாஷ், அதில் வரும் அடர்த்தியைச் செல்லின் நிறையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப அழுத்தத்தைத் திருத்துவது.

பள்ளத்தூர்_ஆச்சி

குதிப்பதற்குக் காரணம் அங்கேதான். உங்கள் செல்லில் என்ன நிலையாக இருக்கிறது? செல்லின் கன அளவு மாறாது. உள்ளே வந்த நிறை, வெளியே போன நிறை கழித்தால் ஒவ்வொரு பொருளின் நிறையும் தெரியும். ஆற்றல் சமன்பாடு அக ஆற்றலைத் தருகிறது. ஆக, கையில் இருப்பது கன அளவு, அக ஆற்றல், கலவை. அழுத்தமும் வெப்பநிலையும் விடையாக வெளியே வர வேண்டியவை. நீங்கள் விடையை ஊகித்து உள்ளே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முழுத் திரவமாக இருக்கும்போது ஒரு பார் அழுத்தம் மாறினால் அடர்த்தி அசையவே அசையாது. அதே 35 டிகிரியில் குமிழ்ப் புள்ளியைத் தாண்டி 7.8-லிருந்து 6.5 பாருக்கு வந்தால் கன அளவு சுமார் 16 மடங்கு ஆகிவிடுகிறது. உங்கள் திருத்தம் திரவப் பக்கத்துச் சரிவை (அழுத்தத்தோடு அடர்த்தி மாறும் வீதத்தை) வைத்துக் கணக்கிட்டு இரட்டை நிலைமைப் பக்கம் விழுகிறது, அங்கிருந்து வேறு சரிவை வைத்து மறுபடி திரவப் பக்கம் பாய்கிறது. நேரப்படியைக் குறைத்தாலும் அந்த முறிவு அங்கேயே இருக்கும்.

கன அளவும் அக ஆற்றலும் கொடுத்துப் போடும் ஃபிளாஷில் தேடுவது, அழுத்தமும் வெப்பநிலையும் கொடுத்தால் தேடுகிற கிப்ஸ் ஆற்றலின் குறைந்தபட்சம் அல்ல, என்ட்ரோபியின் அதிகபட்சம். டென்மார்க்கின் மிக்கெல்சன் 1999-இல் இந்த வகை ஃபிளாஷ்களை ஒரே சட்டகத்தில் எழுதினார். முதலில் நியூட்டன் முறையில் நேரடியாகப் போங்கள், தடுமாறினால் மட்டும் உள்ளே அழுத்த–வெப்பநிலை ஃபிளாஷ், வெளியே அதை உச்சப்படுத்தும் சுற்று என்று பின்வாங்குங்கள். பின்வாங்கும் வழி மெதுவானது, ஆனால் விடாது.

தேவகோட்டை_ரஸ்தா

கூடவே ஒலி வேகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் ஒலி வினாடிக்கு 1480 மீட்டர், காற்றில் 340. இரண்டையும் பாதிக்குப் பாதி குமிழிகளாகக் கலந்தால் சாதாரண அழுத்தத்தில் 25 மீட்டருக்கும் கீழே போய்விடும். ஆவியாதலும் உடனுக்குடன் நடக்கிறது என்று வைத்தால் இன்னும் குறையும். குமிழ்ப் புள்ளியைத் தாண்டும் இடத்தில் அலை வேகம் படியிறங்குவது மாதிரி சட்டென்று விழுகிறது. திரவத்துக்கு எழுதிய எல்லை நிபந்தனை அங்கே சத்தமில்லாமல் கெட்டுப்போகும். வெளியேறும் முனையில் ஓட்டம் நெரிபட்டிருக்கிறதா (ஒலி வேகத்தை எட்டி அதற்கு மேல் கூட முடியாமல் நிற்கிறதா) என்று திரவத்தின் ஒலி வேகத்தை வைத்துச் சோதித்தால் ஒருநாளும் பிடிபடாது.

செக்காலை_நிரலர்

இது புதிது, குறித்துக்கொண்டேன். இப்போது வேகம். அட்டவணையும் வேண்டாம் என்றால் எங்கே மிச்சம் பிடிப்பது?

பள்ளத்தூர்_ஆச்சி

உங்கள் நேரத்தை உண்மையில் எது தின்கிறது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் பிரிக்கிற கணக்கு அல்ல, பிரியுமா பிரியாதா என்கிற ஸ்திரத்தன்மைச் சோதனைதான். மிக்கெல்சன் 1982-இல் இரண்டு கட்டுரைகளாக எழுதியதில் முதலாவது அதைப் பற்றியது: இந்தக் கலவையிலிருந்து ஒரு துளியைப் புது நிலைமையாகப் பிரித்தெடுத்தால் கிப்ஸ் ஆற்றல் குறையுமா? எந்தத் துளிக்கும் குறையாது என்றால் ஒற்றை நிலைமை. துளியை வாயு மாதிரி ஒன்று, திரவம் மாதிரி ஒன்று என்று இரு தொடக்கங்களிலிருந்து தேட வேண்டும். இதைச் செய்யாமல் நேரே பிரிக்கப் போனால், கே-மதிப்புகள் எல்லாம் ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டு, "ஒரே நிலைமைதான்" என்று பொய் விடை வரலாம். ஆகவே சோதனையை எடுத்துவிடாதீர்கள், எங்கே தேவையில்லையோ அங்கே தவிருங்கள்.

போன நேரப்படியில் இரட்டை நிலைமையாக இருந்த செல்லுக்குச் சோதனை வேண்டாம். பழைய கே-மதிப்புகளோடு நேராகப் பிரிக்கப் போங்கள், இரண்டு மூன்று நியூட்டன் சுற்றில் முடியும். பிரிவு காணாமல் போனால்தான் சோதனை. போன தடவை ஒற்றை நிலைமை, எல்லையிலிருந்து வெகு தூரம், கலவையும் அழுத்தமும் அதிகம் மாறவில்லை என்றால் அதையும் தள்ளிப்போடலாம். உங்கள் குழாயில் எல்லைக்கு அருகே நிற்கும் செல்கள் எந்த நேரத்திலும் கொஞ்சம்தான் இருக்கும், முழுச் சோதனை அவற்றுக்கு மட்டும்.

இரண்டே பொருள் என்பதால் ராக்ஃபோர்டு–ரைஸ் சமன்பாட்டுக்குச் சுற்றே வேண்டாம், கே-மதிப்பு தெரிந்தால் ஒரே வரியில் விடை வந்துவிடும். வாயுப் பின்னம் பூஜ்யத்துக்குக் கீழே போனாலோ ஒன்றைத் தாண்டினாலோ உடனே வெட்டிவிடாதீர்கள். அந்த எதிர்மறை எண்ணுக்கும் அர்த்தம் உண்டு, எல்லையை எவ்வளவு தாண்டிவிட்டீர்கள் என்று சொல்கிறது. அதை வைத்துக்கொண்டே சுற்றை முடித்தால் எல்லைக்குப் பக்கத்தில் தடுமாற்றம் குறையும்.

கானாடுகாத்தான்_கடல்தாண்டி

ஒரு சின்னச் சேர்க்கை. 1976-இல் வந்த பெங்–ராபின்சன் வாயு–திரவப் பங்கீட்டுக்கு நல்ல சமன்பாடு, திரவ அடர்த்திக்கு அவ்வளவு நம்ப வேண்டாம். கன அளவில் ஒரு மாறிலியைக் கழித்துச் சரிசெய்யும் முறை 1982-இலிருந்து இருக்கிறது. அதைச் செய்தால் பிரிவு விடை மாறாது, அடர்த்தி மட்டும் நிஜத்துக்கு நெருங்கும். கன அளவை வைத்து ஃபிளாஷ் போடப் போகிறீர்கள் என்பதால் உங்களுக்கு இது எங்களைவிட முக்கியம். அழுத்தம் அடர்த்தியிலிருந்துதான் வரப்போகிறது.

எல்பிஜியில் ஈரம் இருந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள். தண்ணீர் சேர்ந்ததும் மூன்றாவது நிலைமை, சாதாரணக் கலப்பு விதிகள் கைவிடும், குளிர்ந்தால் ஹைட்ரேட் என்கிற பனி மாதிரியான கட்டி. அது தனி இழைக்கு உரிய சமாச்சாரம்.

கோட்டையூர்_செல்

தனி இழை போடுங்கள் அண்ணே, படிக்க ஆள் இருக்கிறோம்.

செக்காலை_நிரலர்

கன அளவு–அக ஆற்றல் ஃபிளாஷ் எழுதி ஓட்டிவிட்டேன். முதல் குமிழி தோன்றும் செல்லில் குதிப்பு நின்றுவிட்டது, அழுத்தம் முறிவோடு ஆனால் ஒழுங்காக இறங்குகிறது. பழைய கே-மதிப்பிலிருந்து தொடங்கியதில் வேகமும் தேவலை. அட்டவணை முறையையும் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் இரண்டும் ஒட்டிப் போகின்றன, பாதிக்கு மேல் பிரிகின்றன. கடைசியில் குழாயின் மூடிய முனையில் தங்குவது, ஆச்சி சொன்ன மாதிரி, பெரும்பாலும் பியூட்டேன்தான். கைடு, "அட்டவணை எந்த நேரம் வரை செல்லும் என்பதையே ஒரு அத்தியாயமாக எழுது" என்கிறார்.

புதுவயல்_பாய்லர்

தம்பிக்கு வாழ்த்து. என் குழாய்க்கு ஒரு வழி சொல்லிவிடுங்கள் ஆச்சி, முதலாளி கேட்கிறார். மணிக்கு 500 கிலோ கண்டன்சேட் வரும்.

பள்ளத்தூர்_ஆச்சி

500 கிலோவில் 13 சதவீதம், 65 கிலோ ஃபிளாஷ் ஸ்டீம். மணிக்கு ஏறக்குறைய 109 கன மீட்டர். ஒரு அங்குலக் குழாயில் அது வினாடிக்கு 60 மீட்டர் வேகம் கேட்கிறது. அந்த வேகத்தில் தண்ணீரைக் கட்டிகட்டியாக அள்ளி வளைவுகளில் மோதும், உங்கள் டம்டம் சத்தம் அதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பின்னழுத்தமும் ஏறி ட்ராப் சரியாக வடிக்காது, ட்ரையரில் தண்ணீர் தங்குவது அதனால். 15 மீட்டருக்குள் வைக்க இரண்டு அங்குலம் வேண்டும். தொட்டிப் பக்கம் சரிவு கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் முதலாளியிடம் சொல்லலாம். ட்ராப்புக்கு அப்புறம் ஒரு ஃபிளாஷ் பாத்திரம் வைத்து அந்த 65 கிலோவைத் தனியே பிரித்தால் நெல் ஊறவைக்கும் தண்ணீரைச் சூடாக்கலாம். இப்போது அது தொட்டிக்கு மேலே புகையாகப் போய்க்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்களே.

புதுவயல்_பாய்லர்

பார்க்கிறேன், பார்க்கிறேன். கூரைத் தகரமே அதில்தான் துருப்பிடித்துப் போயிற்று. இரண்டு அங்குலத்துக்கு நாளைக்கே கொட்டேஷன் வாங்குகிறேன்.